மூன்று வருட வினாத்தாளை விழுங்கிய எழுத்துரு: டிஜிட்டலில் பாடம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அரூரில் ஒரு பயிற்சி வகுப்பு. பக்கத்து நாற்காலியில் பென்னாகரம் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை, மடிக்கணினியில் மடமடவென்று வினாத்தாள் தட்டிக்கொண்டிருந்தார். என்ன எழுத்துரு என்று எட்டிப் பார்த்தேன். பாமினி, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு.

"டீச்சர், இதை இன்னையோட நிறுத்திடுங்க."

"கை இதுக்குத்தான் பழகியிருக்கு சார்."

நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன்.

சார்ஜ் போடாமல் வருவது, கடவுச்சொல்லை மறப்பது போன்றவை இரண்டு முறை அவமானப்பட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய எழுத்துருவில் தட்டுவது

2017 முதல் மூன்று வருடம் பத்தாம் வகுப்பு சமூக அறிவியலுக்கு வினாத்தாள், குறிப்பு, ஒரு மதிப்பெண் வினா என்று எல்லாவற்றையும் பாமினியில் தட்டிச் சேர்த்தேன். தருமபுரியில் ஒரு டிடிபி கடையில் கற்றுக்கொண்ட பழக்கம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது. எனக்கு அது காதில் விழவே இல்லை.

2020 மார்ச்சில் பள்ளி மூடியது. குறிப்புகளை நகலெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒட்டினேன். அன்று இரவே ஒரு மாணவனின் அப்பா கூப்பிட்டார். "சார், பையன் தமிழ் மீடியம். நீங்க இங்கிலீஷ்ல அனுப்பியிருக்கீங்க. அதுவும் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வரலை."

நடந்தது இதுதான். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் அம்மா தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வேஷம் கட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. அது இல்லாத கைபேசியில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் 'அ' என்றால் எந்தக் கருவியிலும் 'அ'தான்.

பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாமே என்பார்கள். நானும் அனுப்பினேன். கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு வரியைக்கூட எடுத்து கூகுள் ஃபார்மில் ஒட்ட முடியவில்லை. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் போட்டால் அது 'எம், கே' என்று உளறும். என் கோப்புகளிலேயே 'ஒகேனக்கல்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. நானே எழுதியது, எனக்கே அகப்படவில்லை. இன்னும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

பாமினியை யூனிகோடாக மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உண்டு, என்எச்எம் கன்வெர்ட்டர் போல. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழுக்கு நடுவே ஆங்கிலச் சொல், வேதியியல் வாய்பாடு எதுவும் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிக் கொட்டிவிடும். நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க அதைத் திருத்தினேன். அறிவியல் ஆசிரியர்கள் பாவம்.

எழுத்துரு வேறு, விசைப்பலகை வேறு. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால் விரல் பழகிய பாமினி வரிசையிலேயே தட்டலாம், விழுவது யூனிகோடாக இருக்கும். புதிதாகக் கற்பவர் தமிழ்99 விசைப்பலகை வரிசையைக் கற்கட்டும். கைபேசி என்றால் பேசியே தட்டிவிடலாம். அந்த டீச்சரிடம் இதைச் சொன்னதும், "அப்போ பழகினதை விட வேண்டாமா?" என்றார். விட வேண்டாம். எனக்கு யாராவது இந்த ஒரு வரியை அப்போதே சொல்லியிருக்கலாம்.

பகல் பத்து மணிக்கு நேரலை வகுப்பு

எங்கள் ஊர்களில் பல வீடுகளில் ஒரே கைபேசிதான். அது காலையிலேயே அப்பாவோடு ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடும். வீடு திரும்ப இரவு எட்டாகும். பத்து மணிக்கு நேரலை வைத்துவிட்டு 'பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை' என்று நான் புலம்பியது அநியாயம். அப்புறம் ஐந்து நிமிட ஒலிப்பதிவாக மாற்றினேன், இரவு எட்டரைக்கு அனுப்பினேன். ஒலிக்கு டேட்டாவும் குறைவு. அஞ்செட்டி, சித்தேரி போல மலைப்பக்கம் வேலை பார்ப்பவர்கள் இதையும் நம்பாமல் பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை வகுப்பில்தான் முதல்முறை திறப்பது

முந்தின நாளே வீட்டில் பார்த்துவிடுங்கள், காணொலியைத் தரவிறக்கியும் வையுங்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது நரகம்.

ஸ்லைடில் பாடநூலையே ஒட்டுவது

வேண்டாம். புத்தகம் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

பெரிய திரையில் சொந்த வாட்ஸ்அப்

கைபேசியைத் திரையோடு இணைக்கும் முன் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். என் மனைவி அனுப்பிய மளிகைப் பட்டியலை ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு முழுக்க ஒரே குரலில் வாசித்தது, துவரம்பருப்பு முதல் பெருங்காயம் வரை.