“இதுவரை யாரும் ஆராயவில்லை” என்று தொடங்காதீர்கள்: ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கோத்தகிரியிலிருந்து ஒரு மாணவி ஊட்டிக்கு வந்திருந்தாள். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. பையிலிருந்து நான்கு பக்கங்களை எடுத்து நீட்டி, “அக்கா, வெள்ளிக்கிழமை அனுப்பணும், ஒரு தடவை பார்த்துடுங்க” என்றாள். முதல் வரியைப் படித்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. அவள் பாடம் வேறு, என் பாடம் வேறு. வரி மட்டும் அப்படியே இருந்தது.

வருஷத்துக்கு ஏழெட்டு விண்ணப்பங்களாவது இப்படி என் கைக்கு வருகின்றன. எழுத்துப்பிழை, போட்டோ அளவு, கடைசித் தேதி பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல ஆய்வு கையில் இருந்தும் பணம் கிடைக்காமல் போவதற்குக் காரணமான தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எந்தப் பணம் எதற்கு என்று தெரியாமல் விண்ணப்பிப்பது

ஜே.ஆர்.எஃப். (ஆய்வின் முதல் இரண்டு வருஷத்துக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து மதிப்பீடு முடிந்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. இது நீங்கள் சாப்பிட்டு, தங்கி, படிப்பதற்கான பணம். களப்பணிக்கு அதில் இருப்பது கன்டிஜென்சி என்கிற சில்லறைச் செலவுத் தொகை மட்டும். மத்திய அரசின் அறிவியல் ஆய்வுக் கவுன்சிலான சி.எஸ்.ஐ.ஆர். தருவது வருஷத்துக்கு 20,000. அவலாஞ்சிப் பக்கம் மாதம் நான்கு முறை ஜீப் எடுத்தால் அந்தப் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே ஃபெல்லோஷிப் இருக்கிறவர்களும் களப்பணிக்கென்று தனியாக ஒரு சிறு நிதிக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டும்.

ஃபுல்பிரைட்–நேரு முனைவர் பட்ட ஆய்வு ஃபெல்லோஷிப்பைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவில் பிஎச்.டி. முடிக்கப் பணம் தருவார்கள் என்று நினைத்து எழுதுகிறார்கள். அது இந்தியாவில் ஏற்கெனவே பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்களுக்கு, 6 முதல் 9 மாதம் அங்கே போய் ஆய்வின் ஒரு பகுதியைச் செய்துவிட்டுத் திரும்புவதற்கு. அங்கே போனால்தான் முடியும் என்கிற வேலை எது என்பதை ஒரே பத்தியில் சொல்ல வராவிட்டால், அந்த வருஷம் விட்டுவிடுங்கள்.

பழங்குடி மாணவர்களுக்கு மத்திய பழங்குடியினர் விவகார அமைச்சகத்தின் தேசிய ஃபெல்லோஷிப் வருஷத்துக்கு 750 பேருக்கு இருக்கிறது. பந்தலூர், கூடலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளில் சிலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.

“இதுவரை யாரும் ஆராயவில்லை”

இந்த ஒரு வரி எனக்கு ஒரு வருஷத்தைத் தின்றது. இன்றைக்கும் யார் விண்ணப்பத்திலாவது பார்த்தால் எரிச்சல் வருகிறது.

என் ஆய்வு நீலகிரியின் சதுப்பு நிலங்களைப் பற்றியது. இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகுமே, அந்த நிலம். அங்கே வளரும் ஒரு புல்லைத்தான் தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய அறுக்கிறார்கள். நான் தேர்ந்தெடுத்த சதுப்பில் அந்தப் புல் வருஷாவருஷம் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. ஏன் குறைகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் ஆய்வுக்கே வந்தேன். விண்ணப்பத்தில் அதை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. “நீலகிரி மாவட்டத்தின் சதுப்பு நிலங்கள் குறித்து இதுவரை முறையான ஆய்வு எதுவும் மேற்கொள்ளப்படவில்லை, எனவே இவ்வாய்வு அவசியமாகிறது” என்று தொடங்கினேன். அப்படி எழுதினால்தான் ஆய்வு மாதிரி இருக்கும் என்று நம்பினேன்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். பேனலில் ஐந்து பேர். தாவரவியல் தெரிந்தவர் ஒரே ஒரு மூத்த அம்மா. அவர் என் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: “1993இல் ராமன் சுகுமாரும் குழுவினரும் நேச்சர் இதழில் எழுதியது நீலகிரிச் சதுப்பு மண்ணை வைத்துத்தானே?”

ஆமாம். சதுப்புக்கு அடியில் அடுக்கடுக்காகக் கிடக்கும் கறுப்பு மண்ணைப் பீட் என்பார்கள். வறண்ட காலத்துப் புல்லும் ஈரமான காலத்துச் செடியும் அதில் விட்டுப்போகிற கார்பன் வேறு வேறு. அந்த வேறுபாட்டை அடுக்குக்கு அடுக்கு அளந்து, 20,000 வருஷங்களில் இந்த மலையின் பருவநிலை எப்படி மாறியது என்று சொன்ன கட்டுரை அது. நான் படித்ததுதான். என் புரொபோசலின் கடைசிப் பக்கப் பட்டியலிலேயே அது இருந்தது. முதல் பக்கத்தில் யாரும் ஆராயவில்லை என்று எழுதியவளும் நான்தான்.

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த அம்மா விடவில்லை. “சரி, யாருமே ஆராயவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? யாரும் ஆராயாதது ஆயிரம் இருக்கிறதே, அதில் இதை ஏன் ஆராய வேண்டும்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நான்கு வருஷமாக அந்தச் சதுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தவள் நான். ஆனால் எழுதும்போது அதை யோசிக்காததால் கேட்கும்போது வாயில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, தேர்வாகவில்லை என்று இரண்டு வரியில் மெயில் வந்தது.

அடுத்த சுற்றுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் நீர்மட்டம் அளக்கும் கருவிகளை வாங்கிப் பதிக்க நினைத்திருந்தேன். மறு வருஷம் ஏப்ரலில் போனால், சதுப்பின் கீழ்ப்பாதியில் நடுவே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்திருந்தார்கள். கறுப்பு மண்ணில் வரிசை வரிசையாகக் காரட். விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். அது அவர் பிழைப்பு. ஆனால் வடிப்பதற்கு முன்னால் அங்கே தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்பதை இனி யாராலும் அளக்க முடியாது. என் முதல் வரி எனக்கு வைத்த விலை அதுதான்.

இந்த வரி நீலகிரி, பழனி மலைகளில் பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும். மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901–02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களைப் பற்றிக் குறிப்பெடுத்தவர். 1906இல் அது நூலாகவே வந்துவிட்டது. 1930களில் மொழியியலாளர் எமனோ வந்து தோட மொழியையும் கோத்தர் மொழியையும் கேட்டு எழுதினார். முதுமலையில் 1988இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, அதிலுள்ள மரங்களுக்கு எண் போட்டு, இந்திய அறிவியல் கழகம் இன்றுவரை கணக்கெடுத்து வருகிறது. பழனி மலையில் புல்வெளி எப்படிச் சுருங்கியது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. கொடைக்கானலில் சூரியனையே நூறு வருஷத்துக்கு மேலாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட மலைகளைப் பற்றி “யாரும்” என்ற சொல்லை எழுதுமுன் நூறு முறை யோசியுங்கள். ஏற்கெனவே உழைத்தவர்களில் ஒருவர்தான் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கப்போகிறவராகவும் இருக்கலாம்.

வரி உண்மையாகவே இருந்தாலும் அது காரணம் ஆகாது. பேனலில் உங்கள் துறைக்காரர் ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது, உங்கள் கேள்விக்கு விடை கிடைத்தால் என்ன மாறும் என்பதுதான்.

இரண்டாவது முறை நான் இப்படித் தொடங்கினேன்: “நீலகிரிச் சதுப்புகளில் கூரைப்புல் குறைவதற்கு அங்கே வாழ்கிறவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். எருமை மேய்ச்சல் குறைந்ததால் மற்ற செடிகள் உயர்ந்து புல்லை மூடிவிட்டன என்பது ஒன்று. சுற்றிலும் பரவிய சீகை மரங்கள் தண்ணீரைக் கீழே இறக்கிவிட்டன என்பது மற்றொன்று. முதல் காரணம்தான் உண்மை என்றால், சீகையை வெட்டுவதால் மட்டும் புல் திரும்பாது.” சீகை என்பது சீகைக்காய்ச் செடி இல்லை; 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம். அதை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, வனத்துறை வெட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் இந்தக் கேள்வியின் விடை யாருக்குத் தேவை என்பதைப் பேனலில் இருந்த பொருளாதாரக்காரரும் புரிந்துகொண்டார். பணம் கிடைத்தது. கருவியைச் சதுப்பின் மேல்பாதியில் பதித்தேன்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் விடை ‘ஆம்’ என்றால் யார் எதை மாற்றிச் செய்வார்கள்? ‘இல்லை’ என்றால்? இரண்டுக்கும் ஒரே பதில்தான் வருகிறது என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

கோத்தகிரி மாணவியின் வரி “சிறு தேயிலை விவசாயிகள் குறித்து இதுவரை…” என்று போனது. பேப்பரை மூடி வைத்துவிட்டு, “உங்க வீட்டுல தேயிலையைப் பத்தி என்ன சண்டை நடக்கும்?” என்று கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னாள். பச்சைத் தேயிலைக்கு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே விலைதான். அப்பா செடியை விடமாட்டேன் என்கிறார். சித்தப்பா பிடுங்கிவிட்டுக் காரட் போட்டுவிட்டார். ஹட்டியில், அதாவது அவர்கள் படுகர் ஊரில், பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி. விலை ஒன்றாக இருக்கும்போது முடிவு ஏன் இரண்டாகிறது? அவளுடைய நான்கு பக்கத்திலும் இந்தக் கேள்வி எங்கேயும் இல்லை. அங்கேயே உட்கார வைத்து, அதையே முதல் பத்தியாக எழுதச் சொன்னேன்.

பெரிய பதவிக்காரரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது

உங்களை இரண்டு முறை வராந்தாவில் பார்த்த துறைத்தலைவர் எழுதும் கடிதம் யாருக்கும் பொருந்தும். சேற்றில் உங்களோடு நின்றவர், உங்கள் தரவில் தப்புக் கண்டுபிடித்துத் திருத்த வைத்தவர் எழுதும் கடிதம் உங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். அவர் உதவிப் பேராசிரியராக இருந்தால் பரவாயில்லை. ஒரு மாதம் முன்பே கேளுங்கள். புரொபோசலையும் சேர்த்துக் கொடுங்கள். “நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்கிற கைடுகளும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால், “சார், நான் செய்த வேலையைக் குறிப்பாக எழுதித் தருகிறேன், கடிதம் நீங்கள் எழுதுங்கள்” என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். இரண்டு கடிதமும் உங்கள் புரொபோசலும் ஒரே நடையில் இருந்தால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

சான்றிதழ்

மாநில பி.சி. சான்றிதழ் மத்திய அரசின் ஓ.பி.சி. இடத்துக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்குங்கள்.

மழை தெரியாத காலண்டர்

“ஜூன்–ஆகஸ்ட்: களப்பணி.” சமவெளியில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் வரும். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் அவலாஞ்சியையும் அப்பர் பவானியையும் போட்டு அடிக்கும். 2019 ஆகஸ்ட் 8இல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அது ஓய்ந்ததும் அக்டோபரிலிருந்து குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. கொடைக்கானலிலும் அந்த மாதங்களில்தான் பலத்த மழை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. பிப்ரவரி வந்தால் காட்டுத்தீக் காலம், உள்ளே விடத் தயங்குவார்கள். உங்கள் இடம் மலையின் எந்தப் பக்கம் என்று பார்த்து மாதத்தைப் போடுங்கள். இந்த மலையை அறிந்தவர் படித்தால், நீங்கள் அங்கே போனவரா இல்லையா என்பதை அந்த ஒரு அட்டவணையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அனுமதிக்கும் காலம் ஒதுக்குங்கள். முக்கூர்த்தி, முதுமலை, கொடைக்கானல் சரணாலயம் போன்ற இடங்களில் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்கீழ் அனுமதி வாங்க வேண்டும். அதைத் தருவது தலைமை வன உயிரினக் காப்பாளர். “அனுமதி பெறப்படும்” என்று ஒரு வரியில் முடிக்காமல், எப்போது விண்ணப்பித்தீர்கள், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, தாமதமானால் வெளியே நின்று எந்த வேலையைச் செய்வீர்கள் என்று எழுதுங்கள். ஃபெல்லோஷிப்பின் மாதங்கள் நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். காட்டுக்குள் போக அனுமதி வரும்வரை அது காத்திருக்காது.

மந்துகளிலும் (தோடர் குடியிருப்புகள்) ஹட்டிகளிலும் மனிதர்களிடம் பேசப்போகிறீர்கள் என்றால், உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் அந்த ஊர்ப் பெரியவர்களின் சம்மதமும் அதே காலண்டரில் இருக்க வேண்டும்.

ஒரே விண்ணப்பத்தை நான்கு இடத்துக்கு அனுப்புவது

வேண்டாம். வேறு ஃபெல்லோஷிப்பின் பெயர் மூன்றாம் பக்கத்தில் அப்படியே இருந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

கூலி எழுதாத பட்ஜெட்

கருவிக்கு எழுதுகிறார்கள், மண் பரிசோதனைக்கு எழுதுகிறார்கள், கருத்தரங்குப் பயணத்துக்கும் எழுதுகிறார்கள். கூட வருகிற ஆளுக்கு மட்டும் எழுதுவதில்லை. “அண்ணா தெரிஞ்சவர்தான், சும்மா வருவார்” என்கிறார்கள்.

என்னோடு சதுப்புக்கு வந்தவர் பக்கத்துத் தோடர் மந்து ஒன்றைச் சேர்ந்த ஒரு அண்ணா. முதல் நாள் நான் இறங்கப்போனபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தன் கைத்தடியை மண்ணில் குத்தினார். பாதித் தடி சத்தமில்லாமல் உள்ளே போனது. ஒரு முழம் தள்ளிக் குத்தினார். ஒரு சாண்கூடப் போகவில்லை. எருமை நடந்த தடம் அது, அதன் மேலேயே நட என்றார். எங்கே கருவியைப் பதிக்கலாம், எங்கே பதித்தால் மழையில் மூழ்கும் என்று காட்டியதும் அவர்தான். முதல் விண்ணப்பத்தில் அவருக்கு ஒரு ரூபாய்கூட நான் எழுதவில்லை. இரண்டாவதில் கள உதவியாளர் என்று தனித் தலைப்புப் போட்டு, மாதத்துக்கு எட்டு நாள், பன்னிரண்டு மாதம், ஊர்ப்பக்கத்து நாட்கூலிக்குக் குறையாமல், சாப்பாடும் பஸ் செலவும் சேர்த்து எழுதினேன். பேனல் அந்த வரியில் ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை.