மட்டக்களப்பிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு: கூட்டாளிமாரோடு ஒரு இரவு தங்கிப் பார்ப்பது எப்படி

நுவரெலியாப் பக்கத்து மலையில் இருக்கிற ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குப் போய்வந்து "ஒன்றும் தெரியல்ல, எல்லாம் வெள்ளைதான்" என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். முதல் தடவை நாங்களும் அப்படித்தான் வந்தோம். இரவிரவாக வேன் ஓடி, வழியில் இரண்டு இடத்தில் தேத்தண்ணிக்கு நின்று, உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்கு நடந்து சேரும்போது மணி பத்தாகிவிட்டது, முன்னால் சுவர் எழுப்பினதுபோல முகில். பள்ளம் சுமார் 870 மீற்றர் ஆழம், ஆனால் எங்களுக்கு நாலு முழம்கூடத் தெரியவில்லை. பெரும்பாலான நாட்களில் அங்கே காலை 9, 10 மணிக்குள் முகில் ஏறிவிடும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான், பூங்காவுக்குள்ளேயே ஒரு இரவு தங்குங்கள்.

உள்ளே வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்கள் இருக்கின்றன, கினிஹிரிய, மகா எலிய என்று. திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிய வேண்டும். போயா வந்த நீண்ட விடுமுறையும் பள்ளி விடுமுறையும் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே முதலில் பங்களா, பிறகு வேன், அதற்குப் பிறகுதான் யார் யார் வருகிறார்கள் என்ற கதை. காசை ஒருவரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். "வாறன் மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் கழன்றுகொள்கிற ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், அவருடைய பங்கு மற்றவர்கள் தலையில் விழக்கூடாது.

மாதம் என்றால் பெப்ரவரி, மார்ச். நம் பக்கத்து மாரி ஓய்ந்திருக்கும், மேலேயும் வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரலில் நுவரெலியா முழுக்கச் சனம்.

பாதை சுகமானது. செங்கலடிச் சந்தியில் ஏ5 வீதியைப் பிடித்தால் கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, பசறை என்று பதுளை வரைக்கும் அதே வீதிதான். பிறகு வெலிமடை, போரலந்தை வழியாக ஒகியா. காலை 6 மணிக்கு வெளிக்கிடுங்கள். மகாஓயா வரைக்கும் யானை நடமாட்டம் உள்ள பாதை, அதனால் இரவில் அந்தப் பக்கம் ஓட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒகியாவிலிருந்து சுமார் 11 கிலோமீற்றர் ஏற்றம், ஒடுக்கமான வளைவுகள். மலைப் பாதையில் ஓடிப் பழகிய சாரதியாகப் பாருங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு முன்னமே பூங்கா வாசலுக்குப் போய்விடுங்கள்.

இனிக் குளிர். இதைத்தான் நம் ஆட்கள் நம்புவதே இல்லை. ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும், சமவெளி 2,100 மீற்றருக்கும் மேலே. அதாவது கல்லடிக் கடற்கரையை விடச் சுமார் 14 பாகை குறைவு, அதுவும் பகலில். இரவில் 5 பாகைக்கும் கீழே போகும், ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலை புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். எங்களோடு வந்த ஒருவர் சாரமும் ஒரு ரீசேட்டும் போதும் என்று வந்து, இரவு முழுக்கக் கண் மூடாமல் குசினி அடுப்படியில் குந்தியிருந்தார். பருத்தி உடுப்பு வியர்வையில் நனைந்தால் உடம்பிலேயே ஒட்டிக் குளிரேற்றும். உள்ளே மெல்லிய பொலியெஸ்டர் உடுப்பு, அதன்மேல் கம்பளிச் சுவெட்டர், வெளியே காற்றும் மழையும் புகாத ஜக்கெட் என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். காதை மூடும் தொப்பி, இரண்டு சோடி தடித்த காலுறை, ஆளுக்கொரு நல்ல போர்வை. படுக்கும்போது காய்ந்த காலுறையை மாற்றுங்கள், பாதம் சூடாக இருந்தால் நித்திரை வரும்.

பங்களாவில் சமைத்துத் தர ஆள் இருப்பார், சாமான் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அரிசி, பருப்பு, முட்டை, கருவாடு, இஞ்சி, சீனி, தேயிலை, அதோடு விடியற்காலைக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும். பொலித்தீன் பைகளில் எதையும் கட்டாதீர்கள், வாசலில் பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள். கடதாசி, துணிப்பை, டப்பா போதும். போன் சிக்னலை நம்ப வேண்டாம், வீட்டுக்குப் பதுளையிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்திக்கு மரைகள் புல்வெளிக்கு வரும். எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். இருட்டின பிறகு வெளியே உலாத்த வேண்டாம், அது சிறுத்தை இருக்கிற காடு.

காலை 6 மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். சுற்றுப்பாதை முழுதும் ஒன்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. முதலில் சின்ன உலக முடிவு, பிறகு பெரியது, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம், அருவிக்கு முகில் வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நடையில் வேகம் குறைந்தவரை முன்னால் விடுங்கள், அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். விளிம்பில் போட்டோ எடுக்கும்போது பின்னால் கால் வைக்கவே கூடாது. 2015இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார், சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரத்தில் தங்கியதால்தான் உயிர் தப்பினார்.

பாதையில் ஓடைகள் குறுக்கிடும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். மகாவலிக்குப் போகிற தண்ணீர் இந்த மேட்டிலிருந்தும் இறங்குகிறது, அந்த மகாவலியின் ஒரு கிளைதான் நம் வடக்கு எல்லையில் ஓடுகிற வெருகல் ஆறு. எனக்கு அந்த இடத்தில் ஏனோ கண் கலங்கியது.

இறங்கும்போது சாரதியிடம் முதலிலேயே சொல்லுங்கள், தாழ்ந்த கியரில் இறங்கட்டும், பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் சூடேறி மணக்கும். மணத்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டுப் போங்கள்.