கரீபியன் தீவில் முதல் ஸ்கூபா டைவிங்: டைவ் ஷாப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மெக்சிகோவின் கொஸுமெல் தீவில் ஒரு காலைப் படகு. முதுகில் டேங்க் ஏறிவிட்டது, காலில் துடுப்பு மாட்டியாயிற்று, குதிக்க வேண்டியதுதான் பாக்கி. வழக்கம்போல ரெகுலேட்டரை (டேங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் மூச்சுக் கருவி) வாயில் வைத்து நாலு மூச்சு இழுத்துக்கொண்டே அழுத்த மீட்டரைப் பார்த்தேன். இழுக்கும்போது முள் சட்டென்று இறங்குகிறது, நிறுத்தினால் பழைய இடத்துக்கே ஏறுகிறது. டேங்க் வால்வை யாரோ அரைகுறையாகத் திறந்து விட்டிருக்கிறார்கள். படகில் உட்கார்ந்திருக்கும்வரை அந்தக் காற்று போதும். 20 மீட்டர் ஆழத்தில் போதாது. அங்கே அழுத்தம் மூன்று மடங்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று வந்தாக வேண்டும்.

கையைக் காட்டினேன். படகுக்காரர் வந்தார், வால்வைத் திருப்பினார், போய்விட்டார். மற்றவர்களின் டேங்கை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் யோசித்தேன்: காலையில் படகில் ஏறும்போது பயிற்சி முடித்ததற்கான எங்கள் டைவிங் கார்டை யாரும் கேட்கவில்லை. பெயர் எழுதிக்கொள்ளவில்லை. கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. டைவுக்குக் கூட்டிப்போன அந்த டைவ் ஷாப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், மற்றவர்களைவிட 20 டாலர் குறைவு என்பதுதான்.

அன்றிலிருந்து ஷாப் தேடும் முறையையே மாற்றிக்கொண்டேன். முதல் முறை போகிறவர்களுக்காக அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள்?

ஷாப்பைத் தேடுவதற்கு முன்னால் இதற்குப் பதில் தெரிய வேண்டும். இதுவரை டைவ் செய்ததே இல்லை, ஒருமுறை இறங்கிப் பார்த்தால் போதும் என்றால் ‘டிஸ்கவர் ஸ்கூபா’ போன்ற அறிமுக டைவ் இருக்கிறது. 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப் போக மாட்டார்கள். டைவிங் பயிற்சிக்குச் சான்றிதழ் தரும் பேடி (PADI) அமைப்பின் விதிப்படி கடலில் ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு அதிகபட்சம் 4 பேர். நீங்கள் கேட்டால் 2 பேரோடு நிறுத்திக்கொள்ளும் ஷாப்பும் உண்டு. கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் அதையே எடுங்கள்.

முறையாகக் கற்க ‘ஓபன் வாட்டர்’ கோர்ஸ். பாடம், நீச்சல் குளப் பயிற்சி, அப்புறம் கடலில் நான்கு டைவ். முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம். விடுமுறையே ஆறு நாள்தான் என்றால் அதில் பாதியை வகுப்பறையில் கழிக்க வேண்டாம். பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்து, கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கடல் டைவ்களை மட்டும் தீவில் செய்யலாம். இதற்கு ‘ரெஃபரல்’ என்று பெயர். ஆனால் கோர்ஸுக்கு 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், கடல் எங்கும் போய்விடாது.

மருத்துவப் படிவத்தையும் ஊரிலேயே நிரப்பிப் பாருங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, சர்க்கரை நோய் போன்றவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். தீவுக்குப் போன பிறகு டாக்டரைத் தேடினால் ஒரு நாள் போய்விடும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படி 2: தீவுக்கு ஏற்ற ஷாப்

கரீபியன் கடல் முழுக்க ஒரே மாதிரி கிடையாது. நீங்கள் போகும் தீவைப் பொறுத்து ஷாப்பிடம் எதிர்பார்க்க வேண்டியதும் மாறும்.

வெனிசுவேலாவுக்கு வடக்கே, டச்சு ஆட்சிக்கு உட்பட்ட போனைர் தீவை எடுத்துக்கொள்வோம். மேற்குக் கரையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சாலை ஓரத்தில் டைவ் இடத்தின் பெயர் எழுதிய மஞ்சள் கற்கள் வைத்திருப்பார்கள். வாடகைப் பிக்கப் வண்டியில் டேங்கைப் போட்டுக்கொண்டு போய், கல்லைப் பார்த்து நிறுத்தி, கரையிலிருந்தே நடந்து இறங்கிவிடலாம். அங்கே ஷாப்பின் முக்கிய வேலை நல்ல காற்று நிரப்பிய டேங்கைத் தருவதும், இன்றைக்கு எந்த இடம் சரி என்று சொல்வதும். அனுபவசாலிகளுக்கு இது சொர்க்கம். புதியவர்களுக்கு ஆபத்தும் இதே சுதந்திரத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் கூட யாரும் வர மாட்டார்கள். முதல் இரண்டு நாளாவது வழிகாட்டி அனுப்பும் ஷாப்பைப் பாருங்கள்.

கொஸுமெல் இதற்கு நேர் எதிர். அங்கே நீரோட்டம்தான் எல்லாம். ஓரிடத்தில் குதித்து, நீரோட்டம் கொண்டுபோகும் பக்கமே மிதந்துபோய், வேறோர் இடத்தில் மேலே வருவீர்கள். படகு உங்கள் குமிழிகளைப் பார்த்துப் பின்தொடர்ந்து வரும். அதனால் வழிகாட்டிக்கு இணையாகக் கேப்டனும் முக்கியம். பலன்கார் கார்டன்ஸ் போன்ற இடங்கள் புதியவர்களுக்குப் பொருந்தும். தெற்கு முனையில் ‘டெவில்ஸ் த்ரோட்’ என்ற சுரங்கம் இருக்கிறது, அதிலிருந்து வெளியே வரும் வாய் ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்தில் திறக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். நேற்று கார்டு வாங்கியவரிடம் “வாங்க, அங்கே கூட்டிப்போறேன்” என்று ஒரு ஷாப் சொன்னால், அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

கிராண்ட் கேமன் செலவு கூடிய தீவு. டைவ் செய்து பார்ப்பதற்கென்றே 2011-இல் மூழ்கடிக்கப்பட்ட பழைய அமெரிக்கக் கடற்படைக் கப்பல் கிட்டிவேக் அங்கே இருக்கிறது. படகு டைவ்தான் அங்கே அதிகம்.

புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. போனைர் பெரும்பாலும் புயல் பாதைக்குத் தெற்கே ஒதுங்கி இருப்பதால் அந்த மாதங்களிலும் பலர் போகிறார்கள்.

படி 3: மூன்று பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்

பேடி, எஸ்.எஸ்.ஐ. போன்ற அமைப்புகளின் தளத்தில் ஷாப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விமர்சனங்கள். ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரத்தைப் படியுங்கள். ஏதாவது தவறு நடந்தபோது ஷாப்காரர்கள் என்ன செய்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

படி 4: ஒரு மெயில் அனுப்புங்கள்

எனக்கு மிகவும் உதவிய படி இது. மூன்று ஷாப்புக்கும் ஒரே மெயிலை அனுப்புங்கள். நான் கேட்பது இப்படி:

“நாங்கள் இருவர். எனக்கு இதுவரை 6 டைவ், மனைவிக்கு முதல் முறை. ஒரு வழிகாட்டியோடு எத்தனை பேர் இறங்குவார்கள்? அனுபவம் உள்ளவர்களையும் புதியவர்களையும் தனித்தனியாகப் பிரிப்பீர்களா? படகில் ஆக்சிஜன் கிட் இருக்கிறதா, அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றவர் கூட வருவாரா? நாங்கள் கீழே இருக்கும்போது படகில் யார் இருப்பார்கள்? மேலே வந்ததும் ஆட்களை எப்படிச் சரிபார்ப்பீர்கள்? பக்கத்தில் அழுத்த அறை எங்கே?”

அழுத்த அறை என்பது, வேகமாக மேலே வந்து, உடலுக்குள் உருவாகும் நைட்ரஜன் குமிழியால் பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தரும் இடம். போனைர், கொஸுமெல் இரண்டிலுமே உண்டு. அது எங்கே என்று ஷாப்காரர் யோசிக்காமல் சொல்ல வேண்டும்.

ஆள் எண்ணும் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 1998-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஒரு அமெரிக்கத் தம்பதியை கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. தலையை எண்ணுவதில் தவறு வரும். பெயரைக் கூப்பிட்டு, குரலைக் கேட்டு, தாளில் குறிப்பதுதான் சரி.

இனி பதில்களைப் பாருங்கள். ஒரு ஷாப் விலைப்பட்டியலையும் முன்பணம் கட்டும் லிங்க்கையும் மட்டும் அனுப்பும். இன்னொன்று உங்களையே திருப்பிக் கேட்கும்: “அந்த 6 டைவ் எங்கே, எந்த வருடம்? மனைவிக்கு நீச்சல் தெரியுமா? முதல் நாள் கரைக்குப் பக்கத்திலேயே இறங்கலாமா?” இப்படித் திருப்பிக் கேட்டவரிடம் போங்கள். ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேருக்குமேல் என்று வந்தால் நான் அந்தப் பெயரை அடித்துவிடுவேன். புதியவர்கள் என்றால் நாலே அதிகம்.

படி 5: இப்போது விலை

இரண்டு டேங்க் படகு டைவுக்கு (ஒரே படகுப் பயணத்தில் இரண்டு டைவ்) தீவைப் பொறுத்துச் சுமார் 100 முதல் 170 டாலர் வரை கேட்பார்கள். சாமான் வாடகை, வரி, பூங்காக் கட்டணம் இதற்குள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். போனைரில் கடலில் இறங்க 40 டாலர் இயற்கைக் கட்டணம் தனி. அந்தப் பணம் 1979-இல் தொடங்கிய கடல் பூங்காவின் பராமரிப்புக்குப் போகிறது, சந்தோஷமாகக் கொடுக்கலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் தரும் டைவிங் காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பலவற்றில் டைவிங் அடங்காது.

படி 6: முதல் நாள் மாலையே நேரில் போங்கள்

முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் ஷாப்பில் அரைமணி நேரம் நில்லுங்கள். வாடகை சாமானை எங்கே கழுவுகிறார்கள், அந்தத் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா? ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியைக் கவ்வியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பட்டை அறுந்திருக்கிறதா? அது இல்லையென்றால் நீருக்கடியில் ரப்பர் மட்டும் உங்கள் பல்லில் நிற்கும், ரெகுலேட்டர் தனியாகப் போய்விடும். குழாய்களை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மிதவைச் சட்டையை ஊதி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொடுங்கள். தளர்ந்திருந்தால் வேறு கேளுங்கள்.

டேங்க் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து காற்றை முகர்ந்து பாருங்கள். நல்ல காற்றுக்கு எந்த வாசனையும் இருக்காது. எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் காற்று நிரப்பும் கம்ப்ரஸரில் ஏதோ கோளாறு. அந்த ஷாப்பில் எந்த டேங்கும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, அதனால் காற்றைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்றும் கேளுங்கள். சோதனைத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் ஷாப்கள் உண்டு.

பவளத்தை எப்படி மதிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். போனைரில் எல்லோரும் முதலில் ஒரு சோதனை டைவ் செய்தாக வேண்டும் என்பது பூங்கா விதி. கையுறைக்கும் தடை, நங்கூரம் போடவும் தடை. 2023-இல் பவளத் திசுக்களை அழிக்கும் நோய் அங்கேயும் வந்துவிட்டது. அதனால் சாமான்களைக் கிருமிநாசினியில் கழுவச் சொல்கிறார்கள். “அதெல்லாம் பரவாயில்லை, நேரா இறங்குங்க” என்கிறவர் உங்கள் பாதுகாப்பிலும் அதே அலட்சியத்தைத்தான் காட்டுவார்.

படி 7: குதிப்பதற்கு முன்

வழிகாட்டி எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், டேங்கில் எவ்வளவு அழுத்தம் மிச்சமிருக்கும்போது சைகை காட்ட வேண்டும், ஒருவரையொருவர் தவறவிட்டால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் கேளுங்கள். நீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். அதை யாரும் எப்போது வேண்டுமானாலும் காட்டலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தானாகவே எடுத்துச் சொல்லும் வழிகாட்டியை எனக்கு மிகவும் பிடிக்கும். பிறகு ரெகுலேட்டரில் நாலு மூச்சு, கண் முள்ளின் மேல். முள் அசையாமல் நின்றால் இறங்கலாம்.

திரும்பும் டிக்கெட்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பல நாள் டைவ் செய்த பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் ஒரு முழு நாளையே ஒதுக்கிவிடுவேன். போனைர் என்றால் அந்த நாளில் தெற்கே உப்பளங்கள் பக்கம் போகலாம். இளஞ்சிவப்புத் தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும்.