தோழியைப் பார்க்க அனுமதி இல்லை: தப்பித்தல் கதை எழுதுவது எப்படி?

அடக்குமுறை அரசிடமிருந்து தப்பிக்கும் நண்பர்களைப் பற்றிப் பதின்ம வயதினருக்கு நாவல் எழுதப் போகிறீர்களா? சுரங்கத்தையும் முள்கம்பியையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அந்த ஊரில், அந்த வருடத்தில் இரண்டு பேர் நட்போடு இருக்க என்ன வழி மிச்சமிருந்தது என்று முதலில் தேடுங்கள். நான் எப்போதும் அங்கேதான் ஆரம்பிப்பேன்.

பெர்லினையே எடுத்துக்கொள்வோம். 1961 ஆகஸ்ட் 13, ஞாயிறு விடிவதற்குள் கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்த நகரின் குறுக்கே கிழக்கு ஜெர்மனி அரசு முள்கம்பி இழுத்துவிட்டது. சனிக்கிழமை வரை சேர்ந்து சுற்றிய இரண்டு பெண்களில் ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். போன் பண்ணியிருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டு பாதிகளுக்கும் இடையிலான தொலைபேசி இணைப்பை 1952-லேயே துண்டித்துவிட்டார்கள். 1971-ல்தான் திரும்ப வந்தது. கடிதம் போட்டால் ரகசியப் போலீஸான ஸ்டாசி பிரித்துப் படிக்கும். 1963 கிறிஸ்துமஸ் சமயத்தில் மேற்கு பெர்லின்காரர்கள் கிழக்கே போய்வர அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள், உறவினர்களைப் பார்க்க மட்டும். சித்தி இருந்தால் போகலாம். உயிர்த்தோழி இருந்தால் போக முடியாது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. அந்தச் சீட்டுக்காக வரிசையில் நிற்கும் பெண் என்ன பொய் சொல்வாள்? ஒரு நாவலுக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

அடுத்து, ஒரு பொருளை மிக அருகில் போய்ப் பாருங்கள். பெர்னாவர் தெருவில் ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கில் இருந்தன, வாசலையொட்டிய நடைபாதை மேற்கில். மக்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்கள் துணியை விரித்துப் பிடித்தார்கள். குதித்துச் செத்தவர்களும் உண்டு. அரசு கீழ்த்தள ஜன்னல்களில் தொடங்கி, பிறகு மேல்மாடி ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தது. இதைத் தெருவில் நின்று எழுதாதீர்கள். அறைக்குள் உட்காருங்கள். கொத்தனார் ஒவ்வொரு வரிசையாக ஏற்ற ஏற்ற, மேஜைமேல் விழும் வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று எழுதுங்கள்.

கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சி நடத்திய 'சுதந்திர ஜெர்மன் இளைஞர்' அமைப்பின் நீலச் சட்டை போட்ட பெண்ணை வில்லியாக்கிவிடாதீர்கள். அதில் சேராதவர்களுக்கு மேற்படிப்பு கிடைப்பது கடினம். கட்சியை மனதார நம்பிய பிள்ளைகளும் இருந்தார்கள். அவளும் நல்ல தோழியாக இருக்கட்டும். அப்போதுதான் அவளிடம் ரகசியத்தைச் சொல்வதா, வேண்டாமா என்பது வாசகருக்கும் வலிக்கும். சொன்னால் விசாரணையில் அவளும் மாட்டுவாள். சொல்லாமல் போனால் காலமெல்லாம் துரோகி.

தப்பிக்கும் காட்சி சுருக்கமாக இருக்கட்டும். 1964 அக்டோபரில் 57 பேர் தப்பிய சுரங்கம் சுமார் 145 மீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம். மேற்கிலிருந்து தோண்டியவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அடையாளச் சொல் 'டோக்கியோ'. இதில் இரண்டு விவரத்துக்கு மேல் கதைக்குத் தேவைப்படாது. வகுப்பில் காலியான இடத்தை ஆசிரியர் கண்டும் காணாமல் வருகைப்பதிவு எடுக்கும் காலைக்கு இன்னும் அதிகப் பக்கங்கள் கொடுங்கள்.

முதல் பிரதியைப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "ஏன் சொல்லாமல் போனாள்?" என்று எந்தப் பக்கத்தில் கேட்கிறாரோ, அதற்கு முன்னால் அந்தப் பயத்தைக் காட்டும் காட்சி ஒன்று சேருங்கள். சட்டத்தை விளக்கிப் பத்தி எழுத வேண்டாம்.