ஒரே செயலி, இரண்டு முகம்: க்யூட்டி இடைமுகத்தை டெபியன் பேக்கேஜ் ஆக்குவது

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நான் பார்த்துக்கொள்ளும் செயலிக்கு ஏற்கெனவே ஜிடிகே இடைமுகம் இருந்தது. ஒருவர் க்யூட்டியில் இன்னொன்று எழுதித் தந்தார். (இரண்டும் செயலியின் ஜன்னல், பொத்தான்களை உருவாக்கும் கருவித்தொகுப்புகள்.) இன்னொரு பேக்கேஜ்தானே, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கம்பைல் ஆனது, பேக்கேஜும் உருவானது. நிறுவப் போனால், டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி ஒரே பிடிவாதம்: இந்த ஐகான் ஏற்கெனவே வேறொரு பேக்கேஜில் இருக்கிறது, மேலெழுத மாட்டேன்.

அதனால் இடைமுகத்தில் தொடங்காதீர்கள். இரண்டுக்கும் பொதுவான ஐகான், மொழிபெயர்ப்பு, உதவிப் பக்கங்களை முதலில் 'காமன்' என்ற தனி பேக்கேஜுக்குக் கொண்டுபோங்கள். டிரான்ஸ்மிஷன் என்ற டொரன்ட் செயலி டெபியனில் இப்படித்தான் இருக்கிறது: காமன் ஒன்று, ஜிடிகே ஒன்று, க்யூட்டி ஒன்று.

சரி, கோப்புகள் இடம் மாறிவிட்டன. பழைய ஜிடிகே பேக்கேஜை வைத்திருப்பவர் அப்டேட் செய்யும்போது அதே சண்டை திரும்ப வரும். பேக்கேஜ்களின் விவரங்களை எழுதும் கன்ட்ரோல் கோப்பில், காமன் பேக்கேஜின் கீழே 'பிரேக்ஸ்' (அந்தப் பழைய பதிப்போடு சேர்ந்து இயங்காது), 'ரிப்ளேசஸ்' (அதன் கோப்புகளை மேலெழுதலாம்) இரண்டையும் எழுதுங்கள். ஒன்று மட்டும் போதாது. கோப்பு இடம் மாறியது 2.4-3 பதிப்பில் என்றால், இரண்டிலும் ஜிடிகே பேக்கேஜின் பெயரோடு (<< 2.4-3~) என்று வரவேண்டும். கடைசியில் உள்ள அந்த ~ குறியை விட்டுவிட்டால், அதே பதிப்பின் பேக்போர்ட்டும் (பழைய டெபியன் வெளியீட்டுக்காக மறுபடி உருவாக்கியது) பழையது என்று கணக்காகிவிடும்.

இடைமுகங்கள் காமனைச் சார்ந்திருக்கும் வரியிலும் ஒரு பொறி உண்டு. காமன் எல்லா வகைக் கணினிக்கும் பொதுவான பேக்கேஜ். டெபியன் சர்வர்கள் இடைமுகப் பேக்கேஜ்களை மட்டும் மறுபடி கம்பைல் செய்தால், அவற்றின் பதிப்பில் +பி1 ஒட்டிக்கொள்ளும். காமன் பழைய எண்ணிலேயே நிற்கும். சார்பு வரியில் பைனரி பதிப்பு மாறியைப் போட்டிருந்தால், அது +பி1 உள்ள காமனைக் கேட்கும்; இடைமுகம் எதையும் நிறுவ முடியாது. +பி1 ஒட்டாத சோர்ஸ் பதிப்பு மாறியைப் போடுங்கள்.

மெனுவுக்கான டெஸ்க்டாப் கோப்பு இரண்டுக்கும் தனித்தனி, பெயரும் வேறு வேறாக இருக்கட்டும். மெனுவில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தால் எதை அழுத்துவது? ஒரே கட்டளைப் பெயருக்குப் பல நிரல்கள் இருந்தால் எது இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அப்டேட் ஆல்டர்நேட்டிவ்ஸ் வசதியை நான் தொடவில்லை. மெனுவில் தேர்ந்தெடுப்பவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

அப்புறம், சோதனையை உங்கள் கணினியில் செய்யாதீர்கள். என்னிடம் ஜிடிகே பேக்கேஜும் இருந்ததால் எல்லாம் நன்றாகவே ஓடியது. வெறும் சிஹெச்ரூட் சூழலில் (கணினிக்குள்ளேயே தனியாகப் பிரித்த வெற்று டெபியனில்) க்யூட்டி பேக்கேஜை மட்டும் நிறுவியபோதுதான் தெரிந்தது, ஒலிக் கோப்புகளைக் காமனுக்கு மாற்றவே மறந்திருக்கிறேன்.