ஆறாம் நம்பரைப் பாருங்கள்: ஒரு கேலிக் டிஃபென்டரின் ஆட்டத்தைப் படிப்பது எப்படி

அயர்லாந்தில் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் கேலிக் ஃபுட்பாலில் ஃபார்வர்டின் பெருமையை ஸ்கோர்கார்டே சொல்லிவிடும். இத்தனை கோல் (வலைக்குள் போனால்), இத்தனை பாயிண்ட் (குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால்), அவ்வளவுதான். டிஃபென்டர் செய்த நல்ல வேலையோ நடக்காமல் போன கோல்களில் இருக்கிறது. அதை எந்தப் பட்டியலிலும் தேட முடியாது, ஆட்டத்தில்தான் பார்க்க வேண்டும். பள்ளி ஃபுட்பால் அணியில் பின்வரிசையிலேயே நின்றவன் நான். அதனால் இதில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

முதலில் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் சிபாரிசு கீரன் மெக்கீனி. அயர்லாந்தின் அர்மா கவுண்டி அணிக்கு கேப்டன், நடுத் தடுப்பு வரிசையின் மையத்தில் ஆடியவர். அணிக்குப் பதினைந்து பேர். 2, 3, 4 என்ற எண்கள் கோலுக்கு முன்னால் கடைசி வரிசை. 5, 6, 7 அதற்கு முந்தைய வரிசை. மெக்கீனி 6.

அடுத்து 2002 அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தின் பதிவைத் தேடி எடுங்கள். அர்மாவும் கெரி கவுண்டி அணியும் மோதியது. இடைவேளையில் கெரி 11 பாயிண்ட், அர்மா 7. அந்த இடைவேளையில்தான் பயிற்சியாளர் ஜோ கெர்னன், தான் ஆடித் தோற்ற 1977 இறுதி ஆட்டத்தின் நினைவுப் பரிசை உடைமாற்றும் அறைச் சுவரில் வீசி எறிந்தார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: இரண்டாம் பாதியின் 35 நிமிடங்களில் கெரி எடுத்தது மூன்றே மூன்று பாயிண்ட். அர்மாவின் ஒஷீன் மெக்கான்வில் அடித்த கோல் பேர் வாங்கியது சரிதான். ஆனால் 1-12க்கு (ஒரு கோல், 12 பாயிண்ட்) 0-14 என்று ஒரே பாயிண்டில் அர்மா ஜெயித்ததில் பாதிப் பங்கு தடுப்பு வரிசையுடையது. கோலுக்கு மூன்று பாயிண்ட் என்பதால் அர்மாவின் மொத்தம் 15. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதும் ஒரு டிஃபென்டருக்கே போனது. அவர் மெக்கீனிதான்.

எனவே இரண்டாம் பாதியை முதலில் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு 6 மேல் மட்டும் கண் வையுங்கள். எடுத்த எடுப்பில் சிரமமாக இருக்கும், கண் தானாகப் பந்துக்குத்தான் ஓடும். பரவாயில்லை, திரும்ப இழுத்து வாருங்கள்.

இப்போது முக்கியமான இடம். இந்த ஆட்டத்தில் எதிராளியைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோளோடு தோள் மோதலாம், விரித்த கையால் பந்தைத் தட்டலாம். பந்தோடு ஓடுபவர் நான்கு காலடிக்கு மேல் அதைக் கையிலேயே வைத்திருக்க முடியாது. தரையில் தட்ட வேண்டும், அல்லது காலால் தட்டிக் கைக்கு எடுக்க வேண்டும். அந்த நொடியில் பந்து கையை விட்டுப் போகிறதல்லவா, டிஃபென்டருக்கு வாய்ப்பு அங்கேதான். அவசரக்காரர் இரண்டாவது அடியிலேயே கையை நீட்டி ஃப்ரீ கிக் கொடுத்துவிடுவார். நல்லவர் கூடவே ஓடி, எதிராளியை மெல்ல ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போய், பந்து காலுக்கு இறங்கும்போது மட்டும் தட்டுவார். வேகத்தைக் குறைத்துப் போட்டு எதிராளியின் அடிகளை எண்ணிப் பாருங்கள், புரிந்துவிடும்.

கேப்டன் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால், கோல்கீப்பர் பந்தை உதைப்பதற்கு முந்தைய சில நொடிகளைக் கவனியுங்கள். யார் கையைக் காட்டி ஆட்களை நகர்த்துகிறார், யாருடைய பேச்சுக்கு மற்றவர்கள் நகர்கிறார்கள் என்று பாருங்கள்.

தோற்ற ஆட்டத்தையும் விடாதீர்கள். 2003 இறுதி ஆட்டத்தில் அர்மா டைரோனிடம் 0-12க்கு 0-9 எனத் தோற்றது. கடைசி நேரத்தில் அர்மாவின் ஸ்டீவன் மெக்டானல் கோலுக்கு அருகே உதைக்கப் போகிறார். டைரோனின் கானர் கோர்ம்லி முழு நீளத்துக்குப் பாய்ந்து கையால் மறிக்கிறார். இறுதியில் வித்தியாசம் மூன்று பாயிண்ட், அதாவது ஒரு கோல். தடுப்பாட்டத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கோர்ம்லி பார்ப்பது மெக்டானலின் முகத்தை அல்ல, பந்து பூட்ஸை விட்டுக் கிளம்பும் இடத்தை.

ஒரு வீரரின் வாழ்க்கையைப் படிக்கும்போது அவருடைய கிளப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறார்கள். மெக்கீனி பிறந்த ஊர் கிளப்பான முல்லாபானில் தொடங்கி, பிறகு டப்ளினின் நா ஃபியனாவுக்கு ஆடினார். 2000 அகில அயர்லாந்து கிளப் இறுதியில் நா ஃபியனாவைத் தோற்கடித்தது அர்மாவைச் சேர்ந்த கிராஸ்மக்லென். மெக்கான்வில் அந்த அணிக்காரர்!

இறுதி ஆட்டம் நடக்கும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில், கோப்பை வாங்க கேப்டன் ஏறும் பார்வையாளர் மாடமான ஹோகன் ஸ்டாண்டுக்கும் ஒரு டிஃபென்டரின் பெயர்தான். டிப்பரரி கவுண்டி அணியின் மைக்கேல் ஹோகன், 1920 நவம்பர் 21 அன்று அதே மைதானத்தில் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

அப்புறம் 2024 இறுதி ஆட்டத்துக்கு வாருங்கள். அர்மா 1-11, கால்வே 0-13. பயிற்சியாளர் மெக்கீனி. கேப்டன் எய்டன் ஃபோர்க்கர், அவரும் தடுப்பாட்டக்காரர். 2025 முதல் விதிகள் மாறி, மைதானத்தின் இரு பாதிகளிலும் ஒவ்வோர் அணியும் குறைந்தது மூன்று பேரை நிறுத்த வேண்டும். எல்லோரும் பின்னால் வந்து கூட்டமாக அடைத்து நிற்க முடியாது. அதனால் புதிய ஆட்டங்களில் கடைசி வரிசை மூவரையும், பழையவற்றில் ஆறாம் நம்பரையும் பாருங்கள்.