பழைய மைப் பேனாவைத் தண்ணீரில் போடும் முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே சிங்கப்பூரில் செங்காங்கிலிருந்து ஒரு தம்பி தன் தாத்தாவின் பேனாவோடு என் வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. "ராத்திரி முழுக்கத் தண்ணியில போட்டு வச்சீங்களா தம்பி?" என்றேன். "ஆமாண்ணே, வீடியோவுல அப்படித்தான் சொன்னாங்க" என்றார். கறுப்பாக இருந்திருக்க வேண்டிய உடல், பச்சை கலந்த பழுப்பாக வெளுத்துக் கிடந்தது. மூடிக்குள் மறைந்திருந்த பகுதி மட்டும் இன்னும் கறுப்பு.

வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருகிறார்கள். எல்லாம் நான் ஒரு காலத்தில் செய்த தவறுகள்தான். கீழே போடாதீர்கள், மையோடு காயவிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத தவறுகளைச் சொல்கிறேன். கீழே வரும் தலைப்பு ஒவ்வொன்றும் செய்யக்கூடாத ஒன்று.

நிப்பை வைத்துப் பேனாவை அடையாளம் காண்பது

எனக்கு வரும் படங்களில் பாதி வெறும் நிப்புதான். "14கே என்று இருக்கிறது, என்ன பேனா?" 14கே என்பது தங்கத்தின் தரம், பேனாவின் பெயர் அல்ல. நிப்பு கழற்றி மாற்றக்கூடிய பாகம். அறுபது எழுபது ஆண்டு கைமாறிய பேனாவில் அது எத்தனை முறை மாறியதோ!

உடலைப் பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், தேய்ந்துபோன எழுத்தும் நிழலாக எழுந்து தெரியும். பழைய வாட்டர்மேன் பேனாக்களின் அடிமுனையில் ஓர் எண் இருக்கும். 52 என்றால் முதலில் வரும் 5, உடலின் பக்கத்தில் உள்ள சிறு நெம்புகோலான லீவரால் மை நிரப்பும் வகையையும், 2 நிப்பின் அளவையும் குறிக்கும். பார்க்கர் 51 என்றால் பின்பக்கத்தைக் கழற்றுங்கள். உலோக உறைக்குள் அழுத்தும் பட்டை இருந்தால் அது 1948க்குப் பிந்தைய வகை. அழுத்தி விடும் குமிழ் இருந்தால் 1941இல் தொடங்கிய முந்தைய வகை. முந்தையதில் ரப்பர் சவ்வு உண்டு, அநேகமாக அது காய்ந்திருக்கும். பிந்தையதில் உள்ள மைப் பை பெரும்பாலும் இன்றும் உழைக்கும், அதைப் போய் மாற்றாதீர்கள். 51 என்று நம்பி எடுத்து வரப்படும் பேனாக்களில் சில, சீனாவின் ஹீரோ. மூடியில் பெயர் இருக்கும். ஹீரோவும் நல்ல பேனாதான்.

முழுப் பேனாவையும் ஊற வைப்பது

சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017இல் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அங்கே ஒரு வாட்டர்மேன் 52ஐ நாற்பது வெள்ளிக்கு வாங்கினேன். உடல் முழுக்க அலை அலையாகச் செதுக்கிய மெல்லிய கோடுகள், கன்னங்கரேல் என்று. உள்ளே காய்ந்த மையைக் கரைக்க மைலோ குவளையில் வெந்நீர் ஊற்றிப் பேனாவை முழுதாக அமிழ்த்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எடுத்தால் நனைந்த ரப்பர் செருப்பின் வாடை. துடைத்துக் காய வைத்ததும் அந்தக் கறுப்பு போயிருந்தது. பதறிப்போய்ப் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு ஓரளவு திரும்பியது, செதுக்கிய கோடுகளும் உற்பத்தியாளர் எழுத்தும் தேய்ந்துபோயின. அதை இன்றும் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பேனா எபோனைட். ரப்பர் பாலோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்த பொருள். நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களில் வெட்டிய பால்மரத்துப் பால் போன்ற பால்தான் இதற்கும் மூலம். ஆண்டுக்கணக்கில் வெளிச்சமும் ஈரக்காற்றும் பட்டு மேற்பரப்பின் கந்தகம் சிதைந்திருக்கும். பார்வைக்குக் கறுப்பாகவே இருக்கும், தண்ணீர் பட்டதும் பழுப்பு வெளியே வந்துவிடும். வெந்நீர் என்றால் இன்னும் வேகம். தம்பியின் பேனாவில் மூடிக்குள் இருந்த பகுதி தப்பியதற்கு வெளிச்சம் படாததே காரணம்.

சிக்கல் எபோனைட்டோடு நிற்கவில்லை. பாலின் புரதத்திலிருந்து செய்த கேசீன் பேனாக்கள் தண்ணீரில் ஊதிப்போகும். லீவர் பேனாவுக்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை துருப்பிடிக்கும்.

ஆகவே முதலில் மோந்து பாருங்கள். கட்டைவிரலால் உடலைச் சூடு பறக்கத் தேயுங்கள். கந்தக வாடை வந்தால் எபோனைட். கற்பூர வாடை வந்தால் பழைய வகை பிளாஸ்டிக்கான செல்லுலாய்ட். அதைச் செய்யும்போது கற்பூரம் சேர்ப்பார்கள். இரண்டும் இல்லை என்றால் தெரிந்தவரிடம் கேட்கும்வரை தண்ணீரை விட்டுத் தள்ளியே வையுங்கள்.

மையை எடுக்க வேறு வழி இருக்கிறது. டிஷ்யூவை நாலாக மடித்து, சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நிப்பின் முனையை மட்டும் அதன் மேல் சாய்த்து வையுங்கள். அரை மணி நேரத்தில் நீலம் தானாக இறங்கிப் பரவும். டிஷ்யூவை மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டு நாள் ஆகட்டும். கழுத்துப் பகுதியில் ஈரம் படவே வேண்டாம்.

அசையாத லீவரை இழுப்பது

அநேகமாக உள்ளே மை நிற்கும் ரப்பர் பை கல்லாகிவிட்டது என்று பொருள். இழுத்தால் லீவர் ஒடியும். பையை மாற்றலாம், லீவரோடு உடலும் போனால் பேனாவே போச்சு.

சானிடைசர் துணியால் துடைப்பது

ஆல்கஹால் செல்லுலாய்டைக் கரைக்கும்.

காற்றுப் புகாத டப்பாவில் பூட்டுவது

இங்குள்ள ஈரக்காற்றுக்குப் பயந்து செல்லுலாய்ட் பேனாவைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் அடைத்து வைக்கிறார்கள். செல்லுலாய்ட் மெல்ல ஆவி விடும். அது வெளியேற வழியில்லாமல் தேங்கினால் பேனாவையே அரிக்கும். துணிப்பையில் சுற்றி, வெயில் படாத மேசை இழுப்பறையில் வையுங்கள்.

சித்திர மை

ஷெல்லாக் என்ற பிசின் கலந்த கறுப்பு இந்தியன் மையை ஒருமுறைகூட ஊற்றாதீர்கள்.

செங்காங் தம்பியின் பேனாவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். எழுத்தும் கோடுகளும் முழுசாக இருந்தன. "பாலிஷ் மட்டும் போட்டுடாதீங்க, கலர் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, புதுப் பை பொருத்திக் கொடுத்தேன். ஒரு தாளை நீட்டினேன். தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தார். கோடு இடையில் விடாமல் வந்தது.